மழைக் காலத்திலும் வெள்ளைக் கொப்பரை: பழைய பீப்பாயில் ஓர் உலர்த்தும் அடுப்பு

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் தேவதானம், சேத்தூர், ராஜபாளையம், மம்சாபுரம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு என்று வடக்கு நோக்கிச் செல்லும் பகுதியில் தென்னை ஒரு முக்கியமான பயிராகும். இங்கு ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் தோப்பு வைத்திருக்கும் சிறு விவசாயிகள் பலர், வெட்டிய காயை வியாபாரி சொல்லும் விலைக்குத் தோப்பிலேயே கொடுத்து விடுகின்றனர். வெயில் காலத்தில் காயை உடைத்துக் களத்தில் காய வைத்துக் கொப்பரையாக விற்க முடியும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவ மழை பிடித்துக் கொண்டால் களம் பயன்படுவதில்லை. நல்ல வெயிலிலேயே கொப்பரை காய 5 முதல் 8 நாட்கள் ஆகும். நடுவில் இரண்டு நாள் மேகம் போட்டாலும் பருப்பில் பிசுபிசுப்பு தோன்றிப் பூஞ்சணம் பிடித்து விடுகிறது. உடைத்த காயை மறுபடி காயாக விற்க முடியாது. ஆகவே மழைக் காலத்தில் விலை எதுவானாலும் காயைக் கொடுத்து விட வேண்டிய கட்டாயம் ஏற்படுகிறது.

இந்தக் கட்டாயத்தைத் தளர்த்துவதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. பழைய பீப்பாய் ஒன்று, பழைய செங்கல், பழைய இரும்புக் குழாய், மூங்கில் ஆகியவற்றைக் கொண்டு 200 காய் உலர்த்தக்கூடிய அடுப்பைத் தோப்பிலேயே கட்டிக் கொள்ளலாம். அதைக் கட்டும் முறை, எரிக்கும் முறை, செய்யக் கூடாதவை ஆகியவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

புகை வேண்டாம், வெப்பம் போதும்

மழைக் காலத்தில் பரண் கட்டி, கீழே சிரட்டையையும் உரிமட்டையையும் மூட்டிப் புகையில் கொப்பரை போடுவது பழைய வழக்கம். பிலிப்பைன்ஸ் தீவுகளில் ‘தபாஹான்’ என்று வழங்கும் அடுப்பும் இத்தகையதே. புகையில் உணவைப் பதப்படுத்துவது எல்லா இடத்திலும் தவறு என்று கூறுவதற்கில்லை. தூத்துக்குடியில் மாசிக் கருவாட்டிற்குச் சூரை மீனை வேக வைத்துப் புகையூட்டியே காய வைக்கிறார்கள். அங்கு புகை மீனுக்கு வாசனையைத் தருகிறது, கெடாமலும் காக்கிறது.

கொப்பரையின் நிலை வேறு. நன்கு காய்ந்த கொப்பரையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எண்ணெய் உள்ளது. புகையில் உள்ள கரி, தார், மணம் ஆகிய அனைத்தையும் எண்ணெய் எளிதில் வாங்கிக் கொள்ளும். இதனால் கொப்பரை பழுப்பேறுகிறது. ஆட்டிய எண்ணெய் நிறம் மங்கிப் புகை நாற்றம் வீசுகிறது. இவை கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியும் குறைகள். தெரியாத குறையும் ஒன்று உண்டு. விறகும் மட்டையும் அரைகுறையாக எரியும்போது பென்சோபைரீன் போன்ற புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருட்கள் புகையில் உண்டாகின்றன. அவை எண்ணெயிலும் சேர்கின்றன.

ஆகவே அடுப்பின் அடிப்படை விதி ஒன்றே. தீயின் வெப்பம் பருப்பைச் சேர வேண்டும்; தீயின் புகை பருப்பைச் சேரக் கூடாது. இவ்விரண்டையும் பிரிக்கும் சுவராக நமது பீப்பாய் அமைகிறது. தீ பீப்பாய்க்குள் எரிகிறது. புகை பீப்பாயின் பின்புறக் குழாய் வழியே வெளியேறுகிறது. பீப்பாயின் வெளிப்புறத்தைத் தொட்டுச் சூடான சுத்தமான காற்று மேலே எழுந்து பருப்பின் வழியே சென்று ஈரத்தை எடுத்துச் செல்கிறது. காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் வடிவமைத்துள்ள, சிரட்டையை எரித்து மறைமுக வெப்பத்தால் உலர்த்தும் கொப்பரை உலர்த்திகளும் இதே தத்துவத்தில் அமைந்தவை.

எவ்வளவு நீரை வெளியேற்ற வேண்டும்?

முற்றிய தேங்காயின் பச்சைப் பருப்பில் 45 முதல் 50 சதவிகிதம் வரை நீர் உள்ளது. கெடாமல் இருக்க இதை 6 சதவிகிதத்திற்குக் கொண்டு வர வேண்டும். 50 சதவிகித ஈரமுள்ள 100 கிலோ பருப்பை எடுத்துக் கொண்டால், அது 6 சதவிகித ஈரத்திற்கு வரும்போது 53 கிலோவாகக் குறைகிறது. எஞ்சிய 47 கிலோவும் நீராக வெளியேறியிருக்கும்.

ஒரு கிலோ கொப்பரைக்கு 7 காய் பிடிக்கும் என்று வைத்துக் கொண்டால், 200 காயிலிருந்து சுமார் 28 கிலோ கொப்பரை கிடைக்கும். அதற்கு ஏறத்தாழ 25 லிட்டர், அதாவது இரண்டு குடம் நீரைப் பருப்பிலிருந்து வெளியேற்ற வேண்டும். இந்த நீர் போவதற்கு வெப்பம் மட்டும் போதாது. அதை எடுத்துச் செல்லக் காற்றோட்டமும் அவசியம். அடுப்பைச் சுற்றிலும் அடைத்து விட்டால் பருப்பு வேகுமே தவிர உலராது.

200 காயின் சிரட்டை சுமார் 25 கிலோ இருக்கும். ஓர் ஈட்டை உலர்த்த இதற்குக் குறைவான சிரட்டையே போதுமானது. எனவே முந்திய ஈட்டின் சிரட்டை அடுத்த ஈட்டிற்கு எரிபொருளாகும். முதல் ஈட்டிற்கு மட்டும் சிரட்டை சேர்த்து வைத்துக் கொள்ள வேண்டும்.

பீப்பாயைத் தேர்ந்தெடுத்தல்

200 லிட்டர் கொள்ளும் இரும்புப் பீப்பாய் வேண்டும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற ஊர்களின் பழைய இரும்புக் கடைகளில் ‘பேரல்’ என்று கேட்டால் கிடைக்கும். தார் பீப்பாயும் மசகு எண்ணெய்ப் பீப்பாயும் ஏற்றவை. வாங்கும்போது கீழ்க்கண்டவற்றைக் கவனிக்கவும்.

1. பூச்சி மருந்து, களைக்கொல்லி, அமிலம் இருந்த பீப்பாயை எக்காரணம் கொண்டும் வாங்கக் கூடாது. கழுவினாலும் எரித்தாலும் அதை நம்ப முடியாது. என்ன இருந்தது என்று கடைக்காரருக்குத் தெரியாத பீப்பாயும் அப்படியே.

2. பெட்ரோல், தின்னர் போன்றவை இருந்த பீப்பாயில் கண்ணுக்குத் தெரியாத ஆவி தங்கியிருக்கும். கேஸ் கட்டர், வெல்டிங் நெருப்புப் பட்டால் வெடித்து உயிரிழப்பு நேரும். இவற்றை ஒதுக்கி விடவும். மற்றப் பீப்பாய்களையும் மூடிய நிலையில் நெருப்பில் வைக்கக் கூடாது. பீப்பாயில் நீரை நிரப்பி, உளியும் சுத்தியலும் கொண்டு வெட்டுவதே பாதுகாப்பான முறை.

3. துத்தநாகம் பூசிய தகட்டையும் குழாயையும் தீ நேராகப் படும் இடத்தில் வைக்கக் கூடாது. மிகுதியாகச் சூடேறினால் நச்சுப் புகை எழும்.

வெட்டித் திறந்த பீப்பாயைத் தோப்பிற்கு வெளியே வெட்ட வெளியில் வைத்து, உள்ளே விறகிட்டு இரண்டு முறை நன்றாக எரித்து விட வேண்டும். தாரும் பெயிண்டும் எரிந்து தீர்ந்த பிறகே அதை அடுப்பில் பொருத்த வேண்டும். எரியும்போது எழும் புகையைச் சுவாசிக்காமல் காற்று வரும் பக்கமாக நிற்கவும்.

தேவையான பொருட்கள்

200 லிட்டர் பீப்பாய் 1. பழைய செங்கல் சுமார் 900. 10 முதல் 15 செ.மீ. விட்டமுள்ள இரும்புக் குழாய், கிடையாக 1 மீட்டர், நிமிர்ந்து நிற்க 3 மீட்டர்; 125 செ.மீ. நீளமுள்ள ஆங்கிள் இரும்பு 4. பிளந்த மூங்கில் அல்லது பாக்கு மரச் சிம்பு. தட்டுத் தகடாகப் பயன்படத்தக்க பூச்சற்ற இரும்புத் தகடு, 80 க்கு 60 செ.மீ.; 12 மி.மீ. கம்பித் துண்டுகள், கம்பி வலை, சாக்கு, 100 டிகிரி வரை காட்டும் ஓர் உஷ்ணமானி. இவற்றில் உஷ்ணமானி ஒன்றை மட்டும் புதிதாக வாங்குவது நலம். கையை வைத்துச் சூடு பார்ப்பது ஆளுக்கு ஆள் மாறும்.

அடுப்பைக் கட்டும் முறை

இடம்: மழை நீர் தேங்காத மேட்டு நிலமாக இருக்க வேண்டும். வீடு, மாட்டுக் கொட்டகை, வைக்கோற்போர் ஆகியவற்றிலிருந்து விலகியிருக்க வேண்டும். மூடிய அறைக்குள் கட்டக் கூடாது. எரியும் அடுப்பிலிருந்து வரும் நச்சு வாயு அறையில் இருப்பவர் உயிரைப் போக்கி விடும். அடுப்பின் மேல் தகரக் கூரை போடலாம்; ஓலைக் கூரை ஆகாது. கூரைக்கும் அடுப்பின் மேல் விளிம்பிற்கும் இடையே ஓர் ஆள் உயரம் இடைவெளி விட்டால் பருப்பைக் கிளறவும் அள்ளவும் வசதியாக இருக்கும்.

சுவர்: உள்ளளவு 120 செ.மீ. நீளம், 90 செ.மீ. அகலம் இருக்குமாறு, ஒரு செங்கல் கனத்தில், மண் சாந்து கொண்டு கட்டவும். மொத்த உயரம் 155 செ.மீ. இரு நீளச் சுவர்களிலும் தரை மட்டத்தில் பக்கத்திற்கு இரண்டாக நான்கு காற்றுத் துளைகள் விட வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு செங்கலை நீளவாக்கில் எடுத்த அளவு இருக்கட்டும். சாந்து வைக்காத செங்கலை அதன் முன் நகர்த்தி, காற்றைக் கூட்டவும் குறைக்கவும் செய்யலாம்.

பீப்பாய்: பீப்பாயைப் படுக்க வைத்து, அதன் முன் முனை முன்புறக் குறுகிய சுவரில் பதிந்து வெளியே தெரியுமாறு, தரையிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் செங்கல் மேல் நிறுத்தவும். முன் மூடியில் 30 செ.மீ. சதுரமாக வெட்டிக் கீல் வைத்துக் கதவாக்கவும். கதவின் அடியில் 10 செ.மீ. அளவில் காற்று புக ஒரு வாயும், அதை மூட ஒரு தகடும் அமைக்கவும். பீப்பாயின் அடியில் மணல் பரப்பி, அதன் மேல் 15 செ.மீ. உயரத்தில் கம்பித் துண்டுகளைச் சல்லடையாக அடுக்கவும். மணல் இருந்தால் அடித்தகடு சீக்கிரம் ஓட்டையாவதில்லை.

புகைக் குழாய்: பீப்பாயின் பின் மூடியில் மேற்பகுதியில் துளையிட்டுக் கிடைக் குழாயைச் செருகிப் பின்புறச் சுவரின் வழியே வெளியே கொண்டு வரவும். அங்கிருந்து 3 மீட்டர் குழாய் நிமிர்ந்து நிற்க வேண்டும். அதன் வாய் கூரையை விட உயரத்தில் இருப்பதும், மழை புகாதபடி தகரத் தொப்பி வைப்பதும் அவசியம். குழாய் குட்டையாக இருந்தால் இழுப்பு குறைந்து புகை கதவின் வழியே திரும்பும்.

தடுப்புத் தகடு: பீப்பாய்க்கு மேல் 20 செ.மீ. உயரத்தில் இரும்புத் தகட்டை வீட்டுக் கூரை போல் மடித்து நிறுத்தவும். பீப்பாய்க்கு நேர் மேலே உள்ள பருப்பு கருகாமல் வெப்பத்தை நாற்புறமும் பரப்புவது இதன் வேலை. மேலிருந்து விழும் பருப்புத் துண்டு சுட்ட இரும்பின் மேல் விழுந்து தீப்பற்றாமலும் இது காக்கும்.

படுக்கை: தரையிலிருந்து 120 செ.மீ. உயரத்தில், அகலவாட்டில் நான்கு ஆங்கிள்களைச் சுவரில் பதித்து, அவற்றின் மேல் மூங்கில் சிம்புகளை விரலிடை இடைவெளி விட்டுக் கட்டவும். இதற்கு மேல் சுவர் 35 செ.மீ. உயர்ந்து நிற்கும். பருப்பு அடுக்குவது இப்பகுதியில்தான்.

பீப்பாயைச் சுற்றியுள்ள இடைவெளிகளைச் சிமெண்டு கொண்டு பூசாமல், களிமண்ணுடன் சாம்பல் கலந்து பூசவும். பீப்பாய் என்றேனும் ஓட்டையாகும். அப்போது முன்புற மண்ணைத் தட்டி விட்டு, சுவரை இடிக்காமல் வேறு பீப்பாய் மாற்றிக் கொள்ளலாம்.

புகைச் சோதனை

மண் காய்ந்ததும், பருப்பு எதுவும் வைக்காமல், பீப்பாயில் சிறிது தீ மூட்டி அதன் மேல் ஈர மட்டையைப் போட்டுக் கதவை மூடவும். குழாயில் கெட்டியான புகை வரும்போது மேலிருந்து படுக்கையின் வழியே பார்க்கவும். எங்கேனும் புகை இழை தெரிந்தால் அவ்விடத்தை மறுபடி பூச வேண்டும். குழாய் சேரும் இடத்தில்தான் பெரும்பாலும் கசிவு இருக்கும். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் இச்சோதனையைச் செய்யவும். இதைச் செய்யாமல் விட்டால் அடுப்பு பழைய புகைப் பரணாகவே மாறி விடும்.

காயும் அடுக்கும்

11, 12 மாதம் முற்றிய காயே கொப்பரைக்கு ஏற்றது. இளங்காயின் பருப்பு காய்ந்ததும் சுருங்கி ரப்பர் போல் வளையும், எண்ணெயும் குறையும். முளை விட்ட காய், அழுகிய காய் ஆகியவற்றை நீக்கவும்.

அடுப்பு தயாராக இருக்கும் நாளில், காலையில் உரித்து உடைத்து, நீரை வடித்து, நான்கு மணி நேரத்திற்குள் படுக்கையில் ஏற்றி விட வேண்டும். உடைத்த பருப்பு ஈரமும் இனிப்பும் உடையது. கிருமிகள் உடனே வேலையைத் தொடங்கி விடும். மண்ணில் கவிழ்த்து வைக்கும் வழக்கத்தையும் விட வேண்டும். பூஞ்சண வித்து மண்ணிலிருந்தே ஏறுகிறது.

அடி வரிசை மூடிகளை வாய் மேல் நோக்கியும், அதன் மேல் வரிசைகளை வாய் கவிழ்த்தும் அடுக்கவும். அடி வரிசையில் சிரட்டை கீழே இருப்பதால் பருப்பு கருகாது. மேலே ஒற்றைச் சாக்கு விரித்தால் போதும். பிளாஸ்டிக் தாள், தார்ப்பாய் போட்டு மூடினால் நீராவி அடைபட்டுச் சொட்டும்.

எரிக்கும் முறை

சிரட்டைகளை ஒன்றனுள் ஒன்றாகச் செருகிச் சல்லடைக் கம்பி மேல் நீள வரிசையாக வைத்து, கதவுப் பக்கம் தீ மூட்டவும். இப்படி வரிசையாக வைத்தால் தீ மெல்ல உள்நோக்கி நகரும். இலங்கையின் கொப்பரைச் சூளைகளிலும் சிரட்டையை இம்மாதிரி வரிசையாகக் கோத்தே எரிப்பார்கள். குவித்துப் போட்டால் ஒரேயடியாக எரிந்து உஷ்ணம் ஏறி இறங்கும்.

முதல் கட்டம்: உஷ்ணமானியை அடி வரிசை மூடிகளுக்கிடையே செருகி வைக்கவும். 60 டிகிரி சென்டிகிரேடை ஒட்டி உஷ்ணம் இருக்கட்டும். 70 ஐத் தாண்ட விடக் கூடாது. தாண்டினால் கதவின் காற்று வாயைக் குறைத்து, கீழ்க் காற்றுத் துளைகளை முழுதும் திறக்கவும். இக்கட்டத்தில் தீயை அணைய விடுவது பெருந்தவறு. அரைகுறையாகக் காய்ந்து வெதுவெதுப்பாக இருக்கும் பருப்பில்தான் பூஞ்சணம் விரைவாக வளரும். பருப்பு சிரட்டையை விட்டு விலகும் வரை தொடர்ந்து எரிக்கவும்.

இரண்டாம் கட்டம்: பருப்பு விலகியதும் மூடிகளை இறக்கிப் பருப்பைத் தோண்டி எடுத்து, மூங்கில் மேல் கம்பி வலை விரித்துத் திரும்பப் பரப்பவும். மேலிருந்தவை கீழும், கீழிருந்தவை மேலும் வருமாறு மாற்றவும். நான்கு மணிக்கு ஒரு முறை கிளறி விடவும். இக்கட்டத்தில் இரவில் தீயைத் தணிய விடலாம். அப்போது உட்புற ஈரம் வெளிப்புறத்திற்கு வந்து, மறுநாள் எரிப்பில் எளிதில் போய் விடும். பகலில் வெயில் கிடைத்தால் களத்தில் பரப்பி எரிபொருளை மிச்சப்படுத்தலாம்.

மொத்தம் எத்தனை மணி நேரம் என்பது காற்றின் ஈரத்தையும் அடுக்கின் கனத்தையும் பொறுத்தது. சாதாரணமாக 24 முதல் 36 மணி நேரம் எரிக்க வேண்டியிருக்கும். ஆயினும் கடிகாரத்தை விடப் பருப்பைப் பார்த்து முடிவு செய்வதே சரி.

காய்ந்ததை அறிதல்

பதமான கொப்பரையை ஒடித்தால் ‘டக்’ என்று முறியும்; வளையாது. முறிந்த இடம் உள் வரை ஒரே வெண்மையாக இருக்கும். நடுவில் கண்ணாடி போன்ற ஈர வரி தெரிந்தால் இன்னும் காய வேண்டும்.

வீட்டுத் தராசு கொண்டும் சோதிக்கலாம். முதல் நாளே சில காய்களின் பச்சைப் பருப்பைத் தோண்டி, சரியாக ஒரு கிலோ நிறுத்து, கம்பி வலைப் பையில் இட்டு அடுக்கின் நடுவே வைக்கவும். முடிவில் அது 600 கிராமுக்கு மேல் நின்றால் ஈரம் போகவில்லை என்று கொள்ளலாம். அதற்குக் கீழ் வந்து, மேலும் மூன்று மணி நேரம் எரித்தும் எடை குறையாவிட்டால் உலர்ந்து விட்டது என்று இறக்கலாம்.

சூட்டோடு மூட்டை கட்டக் கூடாது. ஆறிய பின் சுத்தமான, உலர்ந்த சாக்கில் நிரப்பி, தரையில் வைக்காமல் மரச் சட்டத்தின் மேல் அடுக்கவும்.

குறைகளும் காரணங்களும்

வெளியே பழுத்து உள்ளே ஈரம்: தொடக்கத்திலேயே உஷ்ணம் கூடி விட்டது. மேல்தோல் இறுகி உள் ஈரத்தை அடைத்து விட்டது. முதல் கட்டத்தில் நிதானமாக எரிக்கவும்.

மஞ்சள் நிறம், பிசுபிசுப்பு: உடைத்த பின் தாமதித்து ஏற்றியது அல்லது முதல் கட்டத்தில் தீ அணைந்தது.

புகை நாற்றம்: பீப்பாயிலோ குழாயிலோ கசிவு.

மேல் வரிசை வியர்த்தல்: காற்றுத் துளைகள் அடைப்பு அல்லது மேலே கனமான மூடாக்கு.

பச்சை, மஞ்சள், கருமைப் பூஞ்சணம்: போதிய அளவு காயாமல் மூட்டை கட்டியது.

பூஞ்சணத்தை அலட்சியம் செய்யலாகாது

பூசணம் பிடித்த கொப்பரையைத் துடைத்து, நல்ல கொப்பரையோடு கலந்து விடுவோர் உண்டு. இது விலையோடு முடியும் காரியமன்று. ஆஸ்பெர்ஜில்லஸ் பிளேவஸ் என்னும் பூஞ்சணம் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. 1960 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் திடீரென்று இறந்தன. பூஞ்சணம் பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்கே அதற்குக் காரணம் என்று கண்டறியப்பட்ட பிறகுதான் இந்நஞ்சைப் பற்றி உலகம் அறிந்தது. மனிதருக்கு இது ஈரலைத் தாக்கிப் புற்றுநோயை உண்டாக்க வல்லது.

கெட்ட கொப்பரையை ஆட்டினால் நஞ்சின் ஒரு பகுதி எண்ணெயிலும், பெரும்பகுதி பிண்ணாக்கிலும் தங்குகிறது. அப்பிண்ணாக்கைத் தின்னும் பசுவின் பாலில் அந்நஞ்சின் மாற்று உரு வெளிப்படுகிறது. பாலைக் காய்ச்சினாலும் அது அழிவதில்லை. பால்கோவாவிற்குப் பெயர் பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் தோப்பும் மாடும் ஒரே வீட்டில் இருப்பது சாதாரணம். எனவே மூட்டையில் கலந்த பூசணம் நம் வீட்டுப் பாலுக்கே திரும்பி வரக்கூடும் என்பதை மறக்கலாகாது. பூஞ்சணம் பிடித்ததைப் பிரித்து அடுப்பில் எரித்து விடவும். கந்தகப் புகை காட்டி வெண்மையாக்குவதும் கூடாது. அது பூசணத்தின் அடையாளத்தை மறைக்குமே தவிர, உண்டாகி விட்ட நஞ்சைப் போக்காது.

தீ விபத்தைத் தவிர்க்க

கொப்பரை எண்ணெய் மிகுந்த பொருள். பற்றினால் சட்டென்று பரவும். அடுப்பைச் சுற்றி 3 மீட்டருக்குக் காய்ந்த ஓலை, மட்டை இருக்கக் கூடாது. எரியும்போது ஆள் ஒருவர் அருகிலேயே இருக்க வேண்டும். தடுப்புத் தகட்டில் விழுந்த துண்டுகளை ஈட்டிற்கு ஈடு அகற்றவும். இரண்டு வாளி மணலும், நனைத்த சாக்குகளும் கைவசம் வைக்கவும். தீப்பற்றினால் கதவையும் காற்றுத் துளைகளையும் அடைத்து, மேலே நனைந்த சாக்குகளைப் போர்த்திக் காற்றை நிறுத்தவும். சிறுவர்களை அருகில் விட வேண்டாம்.

எப்போது உலர்த்துவது லாபம்?

அடுப்பு இருக்கிறது என்பதற்காக எல்லாக் காயையும் கொப்பரையாக்க வேண்டும் என்பதில்லை. சுலபமான கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கவும். ஒரு கிலோ கொப்பரைக்கு உங்கள் காயில் எத்தனை பிடிக்கிறது என்று முதல் ஈட்டிலேயே நிறுத்து அறிந்து கொள்ளவும். 7 காய் எனில், 7 காயின் தோப்பு விலையோடு உரிகூலி, உடைகூலி, எரிப்போர் கூலி ஆகியவற்றைக் கூட்டவும். ஒரு கிலோ கொப்பரையின் விலை இதை விடக் கூடுதலாக இருந்தால் உலர்த்துவது லாபம். இல்லையேல் காயாக விற்பதே மேல். காய் விலை உயர்ந்திருக்கும் காலங்களிலும், சந்தையில் கழித்துப் போடும் சிறு காய், கீறல் காய் ஆகியவற்றை வீணாக்காமல் இருக்க அடுப்பு உதவும்.

2025 ஆம் ஆண்டுப் பருவத்திற்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை, அரவைக் கொப்பரைக்குக் குவிண்டாலுக்கு ரூ. 11,582, பந்துக் கொப்பரைக்கு ரூ. 12,100. ஆண்டுதோறும் இவ்விலை அறிவிக்கப்படுகிறது. ஆனால் ஆதரவு விலைக் கொள்முதலில் அரவைக் கொப்பரையின் ஈரம் 6 சதவிகிதத்திற்கு மேற்படக் கூடாது என்பது விதி. வெளிச் சந்தை விலை குறையும் ஆண்டில் இக்கொள்முதல் சிறு விவசாயிக்குப் பெரிய பாதுகாப்பு. ஆனால் அதைப் பெறத் தகுதியான கொப்பரை கையில் இருக்க வேண்டும். விற்பனைக்கு முன் அருகிலுள்ள ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஈரத்தைச் சோதித்துக் கொள்ளவும்.

தனியாகக் கட்ட இயலாதவர்கள், அடுத்தடுத்த தோப்புக்காரர்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்து ஓர் அடுப்பைக் கட்டிக் கொண்டு, வெட்டு நாட்களை முன்பின்னாக அமைத்துக் கொள்ளலாம். முதல் முறை 200 காயையும் ஏற்றாமல் 50 காயைக் கொண்டு எரித்துப் பார்த்து, உங்கள் அடுப்பின் போக்கை அறிந்து கொள்ளவும். மழை தொடங்கிய பின் மண் சாந்து காய்வது கடினம். ஆகவே புரட்டாசிக்குள் அடுப்பைக் கட்டிப் புகைச் சோதனையையும் முடித்து வைத்துக் கொண்டு, ஐப்பசி வெட்டிலிருந்தே பயன்படுத்தத் தொடங்குமாறு உழவர் பெருமக்களைக் கேட்டுக் கொள்கிறோம்.